டேப் ஒட்டிய சிவப்புப் புள்ளி

“என் பிக்கப் வண்டி மேல சத்தியம். இதுல ஒரு சொல் பொய்னாலும் அது நடுரோட்டுல நின்னு போகட்டும்” என்று தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னார் ஆர்வில் ஸ்டாபர்ட்.

“அது நேத்தே நின்னு போச்சுய்யா. நான்தானே கயிறு கட்டி இழுத்துட்டு வந்தேன்” என்றார் எதிரில் இருந்த டெல்மர்.

“டேய், சத்தியம் பண்றப்ப குறுக்க பேசாதே.”

அரிசோனாவில் சில்வர் வாஷ் ஊரின் துப்பாக்கிச் சங்கம் எந்த முடிவையும் நடீனின் கடையில், முட்டைக்கும் காபிக்கும் நடுவில்தான் எடுக்கும். அன்றைய முடிவு இது: சனிக்கிழமை பக்கத்து ஊரோடு கைத்துப்பாக்கிப் போட்டி. அணியில் மிச்சமிருக்கும் ஒரே இடம் ஆர்விலுக்கா, புதுத் தலைவர் பிரென்ட்டின் மச்சான் சேடுக்கா?

பக்கத்து ஊர் அணித் தலைவர், ஆர்விலின் முன்னாள் மனைவிக்கு இந்நாள் கணவர். அதனால் ஆர்விலுக்கு அந்த இடம் வேண்டும். சுட வேண்டியது இரும்புத் தட்டுகளை மட்டும்தான் என்று ஊர் ஷெரீப் அவருக்கு ஏற்கெனவே ஒருமுறை விளக்கியிருந்தார்.

பிரென்ட் ஓரிகனிலிருந்து குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. சுடுவதைப் பற்றி யார் வகுப்பு எடுத்தாலும் போய் உட்கார்ந்தவர்.

“கோவிச்சுக்காதீங்க ஆர்வில். இந்த வருஷம் எல்லாரும் துப்பாக்கி மேல ரெட் டாட்ங்கிற குட்டிக் கண்ணாடியை மாட்டித்தான் சுடணும். உள்ளே பார்த்தா சிவப்புப் புள்ளி. புள்ளி எங்கயோ குண்டு அங்கே. ஆனா உங்க வயசுக்காரங்க துப்பாக்கியைத் தூக்கினதும் புள்ளி எங்கே, எங்கேன்னு துழாவுறாங்க. அது அகப்படுறதுக்குள்ள போட்டி முடிஞ்சு எல்லாரும் சாப்பிடப் போயிடுறாங்க.”

“துழாவுறதா? நானா? நான் மாட்டின கதையைக் கேளுங்க தம்பி” என்று தொப்பியை மறுபடி மாட்டினார் ஆர்வில். “முதல் தடவை திருகுக்குப் பசை வைக்க மறந்துட்டேன். மூணாவது வெடிக்கே சாதனம் கழண்டு பின்னாடி பறந்துச்சு. அங்க ஒரு கிலுகிலுப்பைப் பாம்பு. நடுமண்டையில அடி. பாம்பு குளோஸ். சாதனத்துல ஒரு கீறல் இல்ல.”

“பாம்பை அடக்கம் பண்ணப்ப பாட்டுப் பாடினது நான்தான்” என்றார் டெல்மர்.

பிரென்ட் கடிகாரத்தைப் பார்த்தார். சேட் பான்கேக்கை வாயில் அடைத்துக்கொண்டே, “மாமா, என் பேரை எழுதுங்க, போலாம்” என்றான்.

ஆர்விலின் குரல் சற்றே வேகம் பிடித்தது. “ரெண்டாவது தடவை ஒழுங்கா மாட்டினேன். நீலப் பசை ஒரு சொட்டு, அதுக்குன்னு இருக்கிற ஸ்பேனர்ல அளவா முறுக்கு. மறுநாள் பாலைவனத்துல போய், புள்ளி நிக்கிற இடத்துலயே குண்டு விழுற வரைக்கும் திருகித் திருகி சரிபண்ணேன். தூசி அடையக்கூடாதுன்னு அந்தக் கண்ணாடிக்கு முன்பக்கம் கறுப்பு டேப் ஒட்டி வச்சேன். அதைப் பிரிக்க மறந்துட்டு அடுத்த நாளும் போய்ச் சுட்டேன். வரிசையா ஆறு தட்டும் காலி! வீட்டுல துடைக்கிறப்பதான் டேப்பையே பார்க்கிறேன்.”

சேட் மேசையைத் தட்டிச் சிரித்தான். “முன்னாடி மூடியிருந்தா தட்டு எப்படிய்யா தெரியும்? புளுகுறதுக்கும் ஒரு அளவு இல்லையா?”

“சும்மா இரு சேட்” என்றார் பிரென்ட். முகம் மாறிவிட்டது. “அது நிஜமாவே முடியும்.”

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். டெல்மர் கூட.

“வகுப்புல இதையே பயிற்சியா வைப்பாங்க. ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுக்கணும். வலது கண்ணுக்கு டேப்புக்கு மேல புள்ளி தெரியும். இடது கண்ணு தட்டைப் பார்க்கும். மூளை ரெண்டையும் ஒட்டவச்சு, தட்டு மேலயே புள்ளி நிக்கிற மாதிரி காட்டிடும். ஒரு கண்ணை மூடினீங்கன்னா போச்சு. வெறும் இருட்டு.”

டெல்மருக்குக் காபி மூக்கில் ஏறியது. துடைக்கத் துணியோடு ஓடிவந்த நடீன் மேசைக்கு அடியில் குனிந்தவள், வெகுநேரம் நிமிரவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

“இந்த மூளை சமாசாரமெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி” என்றார் ஆர்வில் பணிவாக. “நான் பாட்டுக்குத் தட்டைப் பார்த்தேன், சுட்டேன்.”

“அதைத்தான் நானும் கத்துறேன்! புள்ளியைத் தேடாதே, தட்டைப் பாருன்னு. இவனுக்கு ஒரு வருஷமா மண்டையில ஏறல. உங்களுக்குத் தானா வந்திருக்கு.”

“மாமா, அப்ப அந்தப் பாம்பு?”

“பாம்பு புளுகு. இது விஞ்ஞானம். தெரியாதவன் இதைக் கற்பனை பண்ணிக்கூடச் சொல்ல முடியாது” என்ற பிரென்ட், சுவரிலிருந்த பலகையில் ஆர்விலின் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். சேட் பாதி பான்கேக்கை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினான்.

“நல்ல முடிவு தலைவரே” என்றார் டெல்மர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஆர்வில் எழுந்து நின்று பிரென்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

செம்புச் சுரங்கத்தில் கல் தெறித்த நாளிலிருந்து ஆர்விலின் இடது கண், கண்ணாடிக் கண்.