நட்சத்திரக் குறி போட்ட அம்மா

பெயிண்டர் சங்கிலிப்பாண்டி எங்கள் மூன்று பேரையும் பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்து, செத்துப்போன அம்மாவை வரைந்துகொண்டிருந்தார்.

அம்மாவுக்குப் போட்டோ கிடையாது. அண்ணன்கள் இருவருக்கும் அவள் முகம் நினைவில் இல்லை. என்னைப் பெற்ற மூன்றாம் நாள் போனாள் என்று சொல்லி என்னை வளர்த்தார்கள்.

அய்யா ஒருவர்தான் பார்த்தவர். பஞ்சு பேல் மூட்டை சுமந்தே தோள் காய்த்தவர். எப்படி இருப்பாள் என்று கேட்டதற்கு, "பொம்பள மாதிரிதான் இருப்பா" என்றார்.

பிள்ளைகளை வைத்து வரையும் யோசனை என்னுடையது. மாஸ்கோவில் மொழிகளின் வரலாறு படிக்கிறேன். லீவுக்கு ராஜபாளையம் வந்திருந்தேன்.

ஸ்லாவியர்களின் பூர்வ மொழி எந்த எழுத்திலும் இல்லை. தாயை ரஷ்யன் 'மாத்' என்கிறான். போலந்துக்காரன் 'மாத்கா'. செர்பியன் 'மாத்தி'. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவர்களுக்கெல்லாம் பாட்டன் 'மாத்தி' என்றிருப்பான் என்று அறிஞர்கள் முடிவு கட்டினார்கள். அப்படி ஊகித்த சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். யாரும் காதால் கேட்டதில்லை என்று அர்த்தம்.

அந்தப் பூர்வ மொழியில் 'தாயுடைய' என்றால் 'மாத்தெரெ'. அவள் தனியாக நிற்கும்போது தெரியாத 'ர', ஒன்று அவளுக்குச் சொந்தமானதும் வெளியே வரும்.

"ரெண்டு பேருகிட்ட இருக்கிறத எடுங்க. ஒருத்தன்கிட்ட மட்டும் இருந்தா விட்டுருங்க." நான்தான் பெயிண்டருக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் அண்ணன்களிடமிருந்தே போயின.

"தம்பி, ஒங்ககிட்ட எடுக்க ஒண்ணுமில்லையே!"

சிரித்தேன். பெற்றவள் முகத்தில் எனக்கு மயிரிழைகூடவா பங்கில்லை?

படத்துக்குக் கீழே எழுத, அவள் மறைந்த வருஷம் கேட்டார்.

"தனுஷ்கோடி புயல்ல போச்சுல்லா, அந்த மார்கழி" என்றார் அய்யா, யோசிக்காமல்.

பெயிண்டர் 1964 என்று எழுதினார்.

நான் பிறந்தது அறுபத்தேழில்.

அண்ணன்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெயிண்டர் பிரஷ்ஷும் கையுமாக என்னைப் பார்த்தபடி நின்றார்.

அய்யா எழுந்து வந்தார். என் கிருதா முடியை விரலால் ஒதுக்கினார்.

"என்னய்யா பாக்கீரு? இன்னும் காது போடலல்லா. இவன் காதுதான் அவளுக்கு. அப்படியே எடுத்துப் போடும்."

காது நன்றாகத் தெரியும்படி திரும்பி உட்கார்ந்தேன்.