பட்டியலில் எமெட்

"லிஸ்ட் வந்துடுச்சா, டீக்கன்?"

மூன்றாவது முறையாகக் கேட்டாள் வெர்லீன். தேவாலயக் கூடத்தின் பின்வாசலில் கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்த டீக்கன் ஓட்டிஸ் கரண்டியை ஆட்டிச் சிரித்தார்.

"நாலு மணிக்குத்தான் வரும், சிஸ்டர். ஏன் இப்படிப் பதறுறீங்க? உள்ள போய் ஒரு வாய் சாப்பிடுங்க."

அவர் சட்டைப்பையில் ஒரு பித்தளைத் தகடு கைக்குட்டையில் சுற்றி இருந்தது. 'எமெட் கிரீர்' என்று வெர்லீனின் மகன் பெயர் அதில் வெட்டியாகிவிட்டது.

டோவர் க்ரீக் கல்லூரியில் ஆடிப் பழகி, பிறகு அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் இறுதி ஆட்டம்வரை போனவர்களுக்கென்று கல்லூரி வாசலில் ஒரு சுவர் உண்டு. அதைத் துடைத்துப் பாதுகாப்பவர் ஓட்டிஸ்தான். ஒரு நிமிடமாவது களத்தில் இறங்கி ஆடியிருந்தால்தான் சுவரில் பெயர் ஏறும். இதுவரை பதின்மூன்று பேர். இன்று மாலை பதினான்காவது என்று ஊரே சோள ரொட்டியும் கோழியுமாகத் தேவாலயத்தில் கூடியிருந்தது.

ஓட்டிஸ் மீன் தட்டோடு உள்ளே போனார்.

"இன்னிக்கு நான் ஆடறேனா, கோச்?"

டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த ஹோரஸ், ஓட்டிஸைத் தன் பழைய பயிற்சியாளர் என்று எண்ணிக் கேட்டார். வெர்லீனின் கணவர். சுவரில் ஆறாவது பெயர் அவருடையது. வயது ஐம்பத்தொன்றுதான், ஆனால் சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட வேண்டும்.

"நீங்க இல்லாம ஆட்டமா, பிரதர்?" என்றார் ஓட்டிஸ். ஒரு நாளைக்கு இருபது முறை கேட்டாலும் அவர் இதே பதிலைச் சலிக்காமல் சொல்வார். முள் இல்லாத துண்டாகப் பார்த்து ஹோரஸின் தட்டில் வைத்தார்.

"அப்பனுக்குத் தப்பாத பிள்ளை நம்ம எமெட்!" என்றான் முடிதிருத்தும் பஸ்டர். "அவரும் அந்தக் காலத்துல தலையில எத்தனை இடி வாங்கினாலும் எழுந்து நிப்பாரு. போன ஆட்டத்துல பாத்தீங்கல்ல? ரெண்டு தலைக்கவசமும் மோதின சத்தம் டிவியிலயே கேட்டுது. வேற எவனா இருந்தாலும் தூக்கிட்டுத்தான் போயிருக்கணும். இவன் எழுந்து நின்னு டாக்டருக்குக் கட்டைவிரலைக் காட்டினான்!"

"காட்டிட்டு எங்க போனான்? நேரா எதிரணி கூட்டத்துல போய் நின்னான்!" என்று ஒருவர் எடுத்துக்கொடுக்க, கூடமே குலுங்கிச் சிரித்தது.

வெர்லீன் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து ஹோரஸின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பெற்ற வயிறு அப்படித்தான் என்று ஓட்டிஸ் எண்ணிக்கொண்டார். வியாழக்கிழமை அவள் தேவாலய அலுவலகத்துக்கு வந்து, "வீட்டுல அவர் இருக்காரு. இங்கேருந்து ஒரு போன் பேசிக்கட்டுமா?" என்று கேட்டிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பேசினாள். கண்ணாடி வழியே பார்த்தபோது, அவள் தலை குனிந்திருந்தது, கண்ணீர் மேசையில் சொட்டிக்கொண்டிருந்தது. யாரோடோ சேர்ந்து மகனுக்காக ஜெபிக்கிறாள் என்று எண்ணி, அவர் வெளியே கத்திய பிள்ளைகளை அடக்கினார். பிறகு சூடாகக் காபி கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

மணி நான்கு. பஸ்டரின் போன் கிணுகிணுத்தது.

"வந்துடுச்சு!" என்று துள்ளியவன் படித்தான். திறந்த வாய் மூடவில்லை.

வெர்லீன் போனைப் பிடுங்கினாள். மொத்தம் ஏழே பெயர்கள். அவள் விரல் ஒவ்வொன்றாக இறங்கி, ஐந்தாவதில் நின்றது.

"இருக்கு! எமெட் பேரு இருக்கு!"

அப்படியே தரையில் முழந்தாளிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஸ்தோத்திரம் ஆண்டவரே! கைவிடலியே, நீர் கைவிடலியே!"

யாரும் ஆமென் சொல்லவில்லை. யாரோ டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள். "அட, இது கூடத் தெரி..." என்று தொடங்கிய பஸ்டரின் தோளை ஓட்டிஸ் அழுத்தினார்.

பாவம், பதற்றத்தில் எதன் பட்டியல் என்பதையே மறந்துவிட்டாள். கெட்ட செய்தி கனிவான வாயிலிருந்து வரட்டும் என்று, முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் மண்டியிட்டார்.

அவள் கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். எமெட். அது அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை.

"எடுங்க சிஸ்டர்," என்றார் ஓட்டிஸ், மெல்ல. "பிள்ளை நொந்துபோயிருப்பான். அம்மா குரலைக் கேட்டா கொஞ்சம் ஆறுதலா இருக்கும்."

"ஏன் நொந்துபோகணும்?"

கைக்குட்டைக்குள் இருந்த தகடு ஓட்டிஸின் நெஞ்சில் உறுத்தியது.

"அது ஆடறவங்க லிஸ்ட் இல்லம்மா. இன்னிக்குக் களத்துல இறங்கவே கூடாதுன்னு உக்கார வெச்சவங்க லிஸ்ட்."

"இன்னிக்கு நான் ஆடறேனா, கோச்?" என்றார் ஹோரஸ்.

வெர்லீன் எழுந்து கணவரிடம் போனாள். துளை மாறிப் போட்டிருந்த அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, சரியான துளையில் மாட்டினாள். போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"தெரியும், டீக்கன். வியாழக்கிழமை உங்க போன்ல நான் பேசினது, அவனோட டீம் டாக்டர்கிட்ட."