வாசலுக்கு ஒருத்தர், ஏரிக்கு ஒருத்தர்

"ஏன் தம்பி, உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

மாஸ்டர் போட்ட சத்தத்தில் தேசியப் பூங்கா அலுவலகமே திரும்பிப் பார்த்தது. ரேஞ்சர் பையன் மட்டும் நிமிரவில்லை.

மாஸ்டர் என்றால் ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். 'ஓய்வு பெற்றவர்கள் தொண்டு செய்ய வரலாம், தம்பதிகளுக்குத் தங்குவதற்கு வீடு உண்டு' என்ற விளம்பரத்தைப் பார்த்து, மனைவியோடு மூட்டை கட்டிக்கொண்டு அன்றைக்குத்தான் வந்து இறங்கியிருந்தார்.

"ஜோடியா வந்தவங்களைப் பிரிச்சுப் போட்டா எப்படி? எனக்கு மெயின் வாசல், அவளுக்கு ஏரிக்கரை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்!"

"பறவை பாக்க வர்றவங்களுக்கு ஏரியில ஒரு ஆள் வேணும் சார்."

"அப்ப என்னையும் அங்கயே போடுங்க."

"அது முடியாது சார்."

"முடியாதா, மனசில்லையா?"

ரேஞ்சர் பையன் அடுத்த ஃபைலைப் பிரித்தான். 'சரியான கல்லுளிமங்கன்' என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார் மாஸ்டர்.

"உனக்குக் கஷ்டமா இருக்காதா?" என்று மனைவியைக் கேட்டார்.

"என்ன பண்றது? போட்ட இடத்துல வேலை பாக்க வேண்டியதுதான்." பெருமூச்சு விட்டாள்.

பாவம், வாயில்லாப் பூச்சி என்று நினைத்துக்கொண்டார்.

காலையில் ஜீப் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். சாயங்காலம் கொண்டுவந்து விடும். முதல் நாள் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா? ஒரு கொக்கு மீனைக் கவ்விட்டு ஜம்முனு நிக்குது. எங்கேருந்தோ ஒரு பருந்து வந்து லபக்குன்னு பிடுங்கிட்டுப் போயிடுச்சு. கொக்கு முழிச்ச முழி இருக்கே, கடைசி ட்ரெயினை விட்டவன் தோத்தான்!"

"இதைக் கேளு," என்றார் மாஸ்டர். "ஒருத்தர் வாசல்ல வந்து, 'மானையெல்லாம் எத்தனை மணிக்கு வெளிய விடுவீங்க?'ங்கறார். 'அதுக்கு டைம்டேபிள் போடலைங்க, போட்டாலும் லேட்டாத்தான் வரும்'னேன்!"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் தினமும் இதே கூத்துதான். யார் முதலில் சொல்வது என்று சண்டை வேறு. சாப்பாடு ஆறிப்போவதுகூடத் தெரியாது.

ஆனாலும் மாஸ்டருக்கு மனசு ஆறவில்லை. சாயங்காலமே இவ்வளவு நல்லா இருக்கே, பகல் முழுக்க ஒண்ணா இருந்தா எப்படி இருக்கும்!

ஒருநாள் தலைமை அதிகாரி பூங்காவைப் பார்வையிட வந்தார். விடுவாரா மாஸ்டர்? போட்டு உடைத்துவிட்டார்.

"வயசானவங்களைப் பிரிச்சு வைக்கறதுல உனக்கு என்னய்யா சந்தோஷம்?" எல்லார் முன்னாலும் விளாசித் தள்ளினார் அதிகாரி. ரேஞ்சர் பையன் மாஸ்டரை ஒரு பார்வை பார்த்தான்.

"நாளையிலேர்ந்து ரெண்டு பேருக்கும் வாசல்லயே வேலை." உத்தரவு போட்டாயிற்று.

மாஸ்டர் வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினார். "ஜெயிச்சுட்டேன்! நாளைலேர்ந்து நீ என் பக்கத்துலதான்!"

அவள் முகம் தொங்கிப்போனது.

"அட மனுஷா! யாரு உங்களைக் கேக்கச் சொன்னது? அந்த ரேஞ்சர் பிள்ளை என்ன சொன்னான்?"

"என்னத்தைச் சொல்வான்? திட்டு வாங்கிட்டு நின்னான்."

"ஐயோ! பிரிச்சுப் போடச் சொல்லிக் கெஞ்சினதே நான்தாங்க. வந்த அன்னிக்கு, நீங்க பெட்டியை இறக்கிட்டிருந்தப்ப. அவர்கிட்ட மூச்சு விடாதேப்பான்னு சொல்லியிருந்தேன்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. "அவ்வளவு கசந்துட்டேனா நான்?"

"நீங்க ரிட்டயர் ஆன நாள்லேர்ந்து எதிரும் புதிருமா உக்காந்திருந்தோம். 'மாத்திரை போட்டாச்சா', 'லைட்டை அணை', இதைத் தவிர ஒரு பேச்சு உண்டா? நீங்க பாத்ததையே நானும் பாத்தா எதைச் சொல்லிக்கறது? இப்பப் பாருங்க, வாய் ஓயுதா நமக்கு?"

மாஸ்டர் அலுவலகத்துக்கு விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்.

கிளம்பப்போன அதிகாரியின் ஜீப்பை மறித்து, "தப்பு என் மேலதாங்க, பழைய உத்தரவே இருக்கட்டும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அப்புறம் ரேஞ்சர் பையனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என் பொண்டாட்டி இப்படிச் சிரிச்சு எத்தனை காலம் ஆச்சு தெரியுமா தம்பி? நீ குடுத்த சிரிப்பு அது. உன்னைப் போய்த் திட்டு வாங்க வெச்சுட்டேனே!"

"விடுங்க சார்," என்று சிரித்தான் ரேஞ்சர். "தினமும் வீட்டுக்குப் போனா உம்முனு உக்காந்திருக்கேன்னு என் பொண்டாட்டியும் சண்டை போடறா. இன்னிக்கு அவகிட்ட சொல்ல எனக்கும் ஒரு கதை கிடைச்சுதே!"