சுவர் அனுப்பிய தகவல்

மாநகராட்சியின் ‘முதல் வீடு’ திட்டத்தில் சாவி கிடைத்த அன்று காலை, தவமணி பால் பாத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சுத்தியலைக் கையில் எடுத்தாள்.

“முதல்ல பாலைக் காய்ச்சு,” என்றான் கணவன் குப்புராஜ்.

“பதினாறு வருஷமா கல்யாண போட்டோ கட்டிலுக்கு அடியில கெடக்குது. பால் அஞ்சு நிமிஷம் பொறுக்காதா?”

அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுச் சுவர்கள் எல்லாம் ஒரே ரகம். ஆணி நுனி பட்டாலே, “உரிமையாளருக்குத் தகவல் அனுப்பப்பட்டது,” என்று கத்தும். அடுத்த நிமிடம் வீட்டுக்காரர் போனில் வந்துவிடுவார்.

தவமணி ஆணியை வைத்து ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

“உரிமையாளருக்குத் தகவல் அனுப்பப்பட்டது,” என்றது சுவர்.

இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். குப்புராஜ் பழக்க தோஷத்தில் ஆணியைப் பிடுங்கப் போனான். அதற்குள் தவமணியின் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது.

‘உங்கள் வீட்டுச் சுவரில் யாரோ ஆணி அடிக்கிறார். அனுமதிக்கலாமா?’

அவள் இரண்டு முறை வாசித்தாள். பிறகு அவனையும் சத்தமாக வாசிக்கச் சொன்னாள்.

“சரின்னு அமுக்கு, தவம்,” என்று அவசரப்பட்டான் அவன்.

“இருங்க,” என்று தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள் தவமணி. “வீட்டுக்காரம்மா கொஞ்சம் யோசிச்சுத்தான் சொல்லுவாங்க.”