ஒட்டுக்கேட்கும் உத்தியோகம்

"பொண்டாட்டி செஞ்ச பெட்டிக்குப் புருஷனே பாஸ் போடுறதா? நல்லா இருக்குய்யா நியாயம்!"

ஆஸ்பத்திரிக்குக் கருவி வாங்கும் தேர்வுக் குழுவின் தலைவர் இதை மெதுவாகச் சொல்லவில்லை. கூட்ட அறையில் எல்லார் காதிலும் விழட்டும் என்றே சொன்னார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பொறியாளருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. பெட்டியைச் செய்தவள் அவள். பாஸ் என்று அறிவித்துவிட்டு நின்றவன் அவள் கணவன்.

அவனுக்கு உத்தியோகமே ஒட்டுக்கேட்பதுதான். காற்று வழியாகப் போகிற தகவலை வெளியாள் யாராவது திருட முடியுமா என்று, முதலில் தானே திருடிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"வீட்ல நாலு தடவை கூப்பிட்டாலும் இவருக்குக் காது கேக்காது. இவருக்குப் போய் இந்த வேலையைக் கொடுத்திருக்காங்க பாருங்க!" என்று அவள் சொல்லிச் சிரிப்பதுண்டு.

ஆஸ்பத்திரியில் நோயாளியின் நெஞ்சில் ஒட்டிய பட்டை, அவர் இதயம் துடிப்பதை நர்ஸ் மேஜைக்குக் காற்று வழியாகவே அனுப்புகிறது. வாசலில் எவனாவது ஆன்டெனாவோடு நின்றால் அவனுக்கும் அது கிடைத்துவிடும். இவள் பெட்டி அதே நேரத்தில், வேண்டுமென்றே, சுற்றிலும் இரைச்சலைப் பரப்பும். நர்ஸ் மேஜைக்கு மட்டும் இரைச்சல் போகாது.

"ரகசிய எழுத்தா மாத்தி அனுப்பினா போதாதாம்மா?" என்று கேட்டவர்களுக்கு அவளிடம் பதில் இருந்தது.

"பூட்டின பீரோவா இருந்தாலும், திருடன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டா நிதானமா உடைப்பான். அவன் கைக்கே போகாமப் பண்றதுதான் என் வேலை."

ஆனால் இரண்டு முறை கணவன் கைக்குப் போய்விட்டது. முதல் தடவை மொட்டை மாடியிலிருந்து பிடித்தான். அடுத்த தடவை நர்ஸ் மேஜைக்கு நேர் பின்னால், சுவருக்கு வெளியே வண்டியை நிறுத்தினான். மேஜைக்கென்று இரைச்சல் இல்லாமல் விட்டிருந்த வழி, சுவரைத் தாண்டியும் நீண்டிருந்தது. மொத்தத்தையும் அள்ளிக் கொண்டான்.

அன்று சமையலறைக்கும் ஹாலுக்கும் பேச்சு வார்த்தை நின்று போயிற்று. "கட்டினவளையே கவுக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லம்மா" என்று அவன் அம்மாவே மருமகள் கட்சிக்கு வந்துவிட்டாள்.

அழுது முடித்து அவள் இரண்டாவது பெட்டி ஒன்றைச் செய்தாள். இரண்டும் இரண்டு மூலையிலிருந்து இரைச்சலை அனுப்பின; அவை இரைச்சல் இல்லாமல் விட்ட இரண்டு வழியும் மேஜையில் மட்டுமே சந்தித்தன. இப்போது அந்த மேஜை மட்டும்தான் அமைதி. ஒரு முழம் தள்ளினாலும் இரைச்சல்.

இன்று கடைசி வாய்ப்பு. தவறினால் போட்டிக் கம்பெனியின் பெட்டியை ஆஸ்பத்திரி வாங்கிக் கொள்ளும். அவள் உழைப்பு அத்தனையும் பரணுக்குப் போகும்.

"ரெண்டு தடவை பிடிச்ச காது இன்னைக்கு மட்டும் அடைச்சுப் போச்சா?" தலைவர் விடுவதாக இல்லை. "வண்டிக்குள்ள உக்காந்து கேக்க வேண்டியவர், கேன்டீன் வாசல்ல கால் மேல கால் போட்டு டீ குடிச்சிட்டு இருந்தார். ஜன்னல் வழியா நானே என் கண்ணால பார்த்தேன்!"

அறையில் சலசலப்பு எழுந்தது.

அவள் கணவனைப் பார்த்தாள். "என்னங்க, டீ குடிச்சிட்டா இருந்தீங்க?"

"ஆமா. ரெண்டு டீ."

அவள் விருட்டென்று எழுந்தாள். "சார், நான் தோத்துட்டேன்னே எழுதிக்கோங்க. எனக்கு யாரும் விட்டுக் கொடுக்க வேணாம்."

"உக்காரு" என்றான் அவன். "விட்டுக் கொடுக்கிற ஆளா நான்? எங்கம்மாவைக் கேளு, சொல்லுவாங்க."

பிறகு தலைவர் பக்கம் திரும்பினான்.

"சார், நான் வண்டிக்குள்ள ஏறவே இல்ல. ஏறிக் கேட்டுட்டு ஒண்ணும் பிடிபடலன்னு சொன்னா, நீங்க இதைத்தான் சொல்வீங்க. ஒட்டுக்கேக்கறவர் உதவிக்கு யாரை வேணா வெச்சுக்கலாம்னு உங்க விதியிலயே இருக்கு. அதான், இவ தோக்கணும்னு ரொம்ப ஆசைப்படறது யாருன்னு யோசிச்சேன். போட்டிப் பெட்டியைச் செஞ்சவர்தான். ஹெட்போனை அவர் கையில கொடுத்துட்டேன்."

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முன்னாடி நான் எப்படிப் பிடிச்சேன்னும் சொல்லிக் கொடுத்தேன். மாடிக்கு ஏறினார், சுவருக்குப் பின்னாடி போனார், சாப்பிடக்கூட இறங்கல. நேரம் முடிஞ்சும் மனசு வராம உள்ளேயே உக்காந்திருக்கார். இவ ஜெயிச்சுட்டான்னு நான் சொன்னா அது எங்க வீட்டுப் பெருமை சார். தோத்த மனுஷன் சொன்னாத்தான் இவ பெருமை."

அவளுக்குக் கண் கலங்கியது. தலை மட்டும் குனியவில்லை. பெருமையாக இருந்தது. தன் பெட்டிகளை நினைத்தும் பெருமை, இரண்டு டீ குடித்த மனிதனை நினைத்தும் பெருமை.

தலைவருக்கோ முகத்தில் ஈயாடவில்லை. "அவரை யாரைக் கேட்டு..." என்று ஆரம்பித்தார்.

அதற்குள் கதவைத் தள்ளிக் கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, ஹெட்போன் இன்னும் கழுத்தில் தொங்கியது. வந்தவர் அறையில் இத்தனை பேர் இருப்பதைக் கவனிக்கவே இல்லை. நேராகத் தலைவரிடம் போய்ச் சொன்னார்:

"தலைகீழா நின்னு பார்த்துட்டேன் மாமா, அந்தம்மா பெட்டிகிட்ட என் பருப்பு வேகல. ஆர்டர் எனக்குத்தான்னு அக்காவுக்கு வாக்குக் கொடுத்தீங்களே, நீங்களே போய் ஏதாவது சொல்லிச் சமாளிங்க!"