சாப்பாட்டு நேரத்து மீட்டர்

மின்சாரத் திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் சவரிராஜ் கதவிடுக்கில் கண்ணை வைத்துக் காத்திருந்தான். உள்ளே குழாய் ஃபிட்டர் அப்துல் ஹமீது, சாப்பிடக்கூடப் போகாமல், சுவரோரக் குழாய்களுக்குச் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூர் செம்பவாங்கில் வெள்ளைக்காரன் விட்டுப்போன கப்பல் பட்டறை அது. குழாய்களும் அவன் காலத்தவைதான். எண்ணெய் விலை ஏறிய 1980இல், ஸ்டோரில் கிளார்க்காக இருந்த சவரிராஜை மூன்று மாதச் சோதனையாக மின்சாரச் சிக்கன அதிகாரி ஆக்கியிருந்தார்கள். அவன் அம்மா ஞாயிறு பூசைக்கு வந்த அத்தனை பேரிடமும் 'ஆபீசர்' என்று சொல்லி முடித்துவிட்டாள்.

ஆனால் சாப்பாட்டு நேரத்தில் விளக்கு, மெஷின் எல்லாம் ஓய்ந்த பிறகும் மீட்டர் சுற்றியது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காரணத்தைக் கண்டுபிடியும் தம்பி. இல்லாட்டி திரும்பவும் ஸ்டோர்தான்" என்றார் மேனேஜர் குலசிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர்.

அவர் கேட்டது காரணம். சவரிராஜ் தேடியது ஆள். அவன் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் காரணம் என்பது எப்போதும் ஓர் ஆளாகத்தான் இருக்கும்.

தொழிலாளர்களிடமிருந்து இரண்டு மின்சாரக் கெட்டிலையும் ஒரு ரைஸ் குக்கரையும் கைப்பற்றினான். முன்மாதிரியாக இருக்கவேண்டி, தன் மேசை விசிறியையும் ஒப்படைத்தான். பட்டறையின் கடைக்கோடி மூலையில், இரும்பு அலமாரியில் முதுகு சாய்த்து, மதியந்தோறும் பனி பெய்யும் ரஷ்ய நாவல் படித்தான். கடல் காற்று பக்கங்களைப் புரட்டிக் கொடுத்தது. வெளியே கொடி துவண்டு தொங்கிய நாளிலும் அது தவறாமல் வந்தது. கடல் காற்று, சிக்கனக்காரனுக்கு ஆண்டவர் தரும் கூலி என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னான்.

புதன்கிழமை ஹமீது பொறுமையாக விளக்கினார். பட்டறைக் கருவிகள் ஓடுவது அழுத்தக் காற்றில். அந்தக் காற்றை அடைத்துத் தருவது வெளி ஷெட்டில் இருக்கும் கம்ப்ரசர். குழாயில் ஓட்டை இருந்தால், கருவிகள் ஓய்ந்தாலும் கம்ப்ரசர் ஓயாது. மின்சாரம் தின்றுகொண்டே இருக்கும். நுரை எங்கே பொங்குகிறதோ அங்கே ஓட்டை.

"காத்து போனா கரண்டு போகுமா பாய்? காதுல பூ சுத்தாதீங்க லா" என்றான் சவரிராஜ். மூலையில் மட்டும் தண்ணீர் படக்கூடாது, புத்தகங்கள் நனையும் என்று தடையும் போட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம், அந்த மூலைக்கே வந்த குலசிங்கத்திடம் அறிக்கையை நீட்டினான். கள்ளக் கெட்டில் இன்னும் எங்கோ ஒளிந்திருக்கிறது. ஹமீது சோப்பையும் நேரத்தையும் வீணாக்குகிறார். மீட்டர் சுற்றக் காரணமானவர் யாராக இருந்தாலும் ஸ்டோருக்கு மாற்றவேண்டும்.

குலசிங்கம் படித்தார். கடைசி வரியின் கீழ் கையெழுத்தும் போட்டார். பிறகு, மிச்சமிருக்கிற இந்த இடத்தையும் பார்த்துவிடலாமே என்று ஹமீதுக்குக் கண் காட்டினார்.

ஹமீது சவரிராஜை எழுந்திருக்கச் சொல்லி, அலமாரியை இழுத்துத் தள்ளினார். பின்னால் ஓடிய பழைய குழாயில் பிரஷ் பட்டதும், பூசணிக்காய் அளவுக்கு நுரை பொங்கியது.

ஹமீது வாளியைக் கீழே வைத்தார்.

"சார், தம்பியோட கடல் காத்து இங்கேருந்துதான் வருது."