பின்கதவு

"கையை எடுத்துடாதீங்கப்பா. எடுத்தா கூரை மறுபடியும் சரிஞ்சிடும்."

அப்பா எடுக்கவில்லை. பாதி முகத்தில் சவர நுரையோடு தரையில் மண்டியிட்டு, அட்டையால் செய்த ஒரு மண்டபத்தின் கூரையை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டிருந்தார். அவள் சுவரின் விளிம்பில் பசையை ஓட்டினாள்.

கட்டடக்கலை முதுகலைப் படிப்பின் கடைசித் தேர்வு இன்று. மாடலையும் வரைபடங்களையும் நடுவர்கள் முன்னால் வைத்துப் பேச வேண்டும். மாடலைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோதுதான் மேஜை விளக்கின் ஒயர் காலைத் தட்டிவிட்டது. சத்தம் கேட்டு அப்பா குளியலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார். அவர் வரக்கூடாது என்றுதான் மாதக்கணக்கில் இந்த அறையைச் சாத்தியே வைத்திருந்தாள். மாடல் மேல் எப்போதும் ஒரு போர்வை. என்னம்மா அது என்று கேட்டால், நூலகம் என்பாள்.

போன் அடித்தது. கூடப் படிப்பவன். வாயை மூடவே மாட்டான் என்பதால் வகுப்பில் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். கையெல்லாம் பசை, ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்க இருக்கே? உனக்கு முன்னாடி ரெண்டே பேர்தான். வெளியூர் நடுவர் சிரிக்கவே மாட்டேங்கிறார். மனுஷனுக்குப் பல் இருக்கான்னே தெரியல."

"வரேன், வைடா."

"இரு. கைடு கேட்கச் சொன்னார். பழைய கட்டடத்தை டிசைன் பண்ண ஆர்க்கிடெக்ட் பேரை ஷீட்ல எழுதிட்டியா? அது இல்லாம உள்ளயே விடமாட்டாங்களாம். அடுத்த வருஷம் வான்னு அனுப்பிடுவாங்களாம்."

"பிளான்ல அந்த மூலையையே கரையான் அரிச்சிருக்கு. நான் எங்கே போய்ப் பேரைத் தேடறது?"

போனை வைத்தாள். அப்பா கூரைக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூலகத்துல மேடை எதுக்கும்மா?"

அவள் பசைக் குப்பியின் மூடியைத் தேடினாள்.

ஊரில் இருந்த பழைய நாடக மண்டபம் எரிந்தபோது அவள் சின்னப் பெண். பக்கத்து வீட்டுப் பெண்களோடு நாடகம் பார்க்கப் போன அம்மா திரும்பி வரவில்லை. அதன்பிறகு அப்பா அந்தத் தெருப்பக்கமே போனதில்லை. ஜெராக்ஸ் கடை உண்டு, மகள் உண்டு என்று இருந்துவிட்டார். அதே இடத்தில் ஒரு மண்டபத்தை மறுபடி கட்டுவதானால் எப்படிக் கட்ட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆய்வு. அதை அவரிடம் எந்த வாயால் சொல்வாள்?

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்ப்பா…"

"அந்த ஸ்கேலை எடு."

உடைந்த சுவருக்கு ஒட்டுப்போட அட்டையை அவரே வெட்டினார். தினமும் கடையில் காகிதம் வெட்டுகிற கை. ஒரே இழுப்பில் நேராக வந்தது. பிறகு, பின்பக்கத்து அட்டைக் கதவை விரல் நுனியால் தள்ளினார். வெளியே திறந்தது.

"பழசுல உள்பக்கம்தான் திறக்கும். கூட்டம் வந்து நெருக்கினதுல கதவை இழுக்கவே முடியலை" என்றாள் மெதுவாக.

"ஏன் அப்படி வச்சாங்கன்னு கேட்பாங்களே. என்ன சொல்வே?"

"தெரியாதுன்னு சொல்லுவேன்."

"பின்னாடி சந்து குறுகல். வெளியே திறந்தா, போறவன் வர்றவன் மேல இடிக்கும்னு யோசிச்சிருப்பான். உள்ளே இருக்கிறவங்களை யோசிக்கல. மடையன்."

அவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள். "திட்டாதீங்கப்பா. அவர் வேணும்னா செஞ்சார்?"

அப்பா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

கட்டடத்தின் அளவு புரிவதற்காக மாடலுக்குள் காகித மனிதர்களை நிறுத்துவார்கள். தரையில் சிதறிக் கிடந்தவர்களை அவர் பொறுக்கி, ஒவ்வொருவராக இருக்கைகளில் நிறுத்தினார். கடைசியில் ஒரு பெண் உருவம் மிஞ்சியது. கொண்டை போட்டிருந்தது. எங்கே வைக்கட்டும் என்று கேட்டார். எங்கேயாவது வையுங்கள் என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அதைப் பின்கதவுக்கு வெளியே, சந்தில் நிறுத்தினார்.

"வெளியே வந்துட்டா" என்றார்.

கீழே வாடகைக் கார் ஹாரன் அடித்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரைபடங்களைச் சுருட்டத் தொடங்கினாள். அப்பா ஒன்றைப் பிடித்து நிறுத்தினார். எரிந்த மண்டபத்தின் பழைய பிளான், நகலெடுத்து ஒட்டியது. கீழ் மூலை நேர்க்கோட்டில் வெட்டினாற்போலக் காணாமல் போயிருந்தது. பக்கத்தில், ஆர்க்கிடெக்ட் பெயர் எழுத வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது.

"கரையான் ஸ்கேல் வச்சா அரிக்கும்?"

"விடுங்கப்பா. நேரமாச்சு."

"இதை எழுதலைன்னா உள்ளே விடமாட்டாங்கன்னு அந்தப் பையன் சொன்னானே."

"விடலைன்னா போகட்டும். அடுத்த வருஷம் வேற கட்டடம் எடுத்துக்கறேன்."

"பேனாவைக் கொடு."

அவள் கொடுக்கவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் காதோரம் செருகியிருந்த பேனாவை அவரே உருவினார்.

சவர நுரை காய்ந்து வெடித்த முகத்தோடு அவர் குனிந்தார். அம்மா போன நாளிலிருந்து ஒரு கோடுகூட வரைந்திராத அந்தக் கை, வெறுமையாக இருந்த கட்டத்துக்குள், பிசகாத எழுத்துகளில் தன் சொந்தப் பெயரை எழுதியது.